அருமைநாயகியின் வீடும் உதயகலாவின் வயிற்றெரிச்சலும்

புத்தூரில் உதயகலாவைத் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். அவளுடைய பெருமூச்சைத் தெரியாதவர்கள் இல்லை. யாராவது புது மோட்டார் சைக்கிளோடு ஒழுங்கைக்குள் வந்தால், யாருடைய பெட்டைக்காவது கனடாவில் மாப்பிள்ளை பொருந்தினால், ஏன், பக்கத்துத் தோட்டத்து வெங்காயம் கொஞ்சம் பருத்து விளைந்தால்கூட, "நல்லாய் இருக்கட்டும்" என்று வாயாரச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சுக்குப் பயந்து, கோயிலில் ஏற்கெனவே பூசை முடித்த வண்டிக்கு வீட்டில் இரண்டாம் தரமும் தேசிக்காய் நசித்தவர்கள் உண்டு.

அதற்காக அவளைக் கெட்டவள் என்று யாரும் சொன்னதில்லை. செத்த வீடு என்றால் முதல் ஆளாக ஓடிவந்து குசினியைப் பொறுப்பெடுப்பவள் அவள்தான். ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்தால் கஞ்சி கொண்டு போவாள். துன்பப்படுகிறவர்களிடம் அவளுக்கு அளவில்லாத அன்பு. அவர்களைப் பார்த்து எரிய ஒன்றும் இல்லைத்தானே. நல்ல காரியங்களுக்குப் போகத்தான் கால் பின்னும். கலியாண வீடுகளில் கடைசிப் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு, சாம்பாருக்கு உப்புக் காணாது என்ற ஆறுதலோடு வீடு திரும்புவாள்.

ஊரார் மேல் அவளுக்கு இருந்தது சில்லறைப் பொறாமை. மொத்தப் பொறாமையை ஒரே ஒருத்திக்கென்று சின்ன வயதிலிருந்தே சேர்த்து வைத்திருந்தாள். அந்தப் பாக்கியசாலி குணலட்சுமி.

குணலட்சுமி உதயகலாவின் தாயினுடைய தமக்கை மகள், இரண்டு வயது மூத்தவள். ஊர் முறைக்குச் சொந்த அக்கா தங்கச்சிதான். தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பார்கள். குணத்துக்கு அது சட்டையாக இருக்கும், உதயகலாவுக்கு அது துணியாகவே இருக்கும். குணம் படிக்காமல் சோதினை பாஸ் பண்ணினாள். உதயகலா படித்துப் பாஸ் பண்ணினாள். குணத்துக்குக் கொடிகாமத்தில் தென்னங்காணியோடு மாப்பிள்ளை வந்தது. உதயகலாவுக்கு இராசநாயகம் வந்தார். வெங்காயமும் மரவள்ளியும் போடுகிற, வாயில்லாத, நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் பிள்ளைகள் விஷயத்தில் நடந்தது. குணத்துக்கு இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள், இரண்டும் சுவிசில். உதயகலாவுக்கு ஒரே பெட்டை, தர்சிகா, வயது இருபத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் பெட்டையைப் பெற்றவர்களிடம் கேட்கிற முதல் கேள்வி வீடு இருக்கோ என்பதுதான். உதயகலாவுக்கு வீடு இருந்தது. அவளுடைய சீதன வீடு, மூன்று அறை, மாரி மழைக்கு முற்றத்துத் தண்ணீர் விறாந்தைக்கு ஏறுகிற பள்ளக் காணி, வாயில் வைக்க முடியாத உவர்க் கிணறு. அதைத் தர்சிகாவுக்கு எழுதிக் கொடுத்தால் தாயும் தகப்பனும் எங்கே போவது? வந்த சம்பந்தங்கள் மூன்றும் வீட்டைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியோடு எழும்பிப் போய்விட்டன.

பக்கத்து வளவில் பெரியம்மாவின் வீடு நின்றது. அருமைநாயகி ரீச்சர். உதயகலாவின் தாய்க்கும் குணத்தின் தாய்க்கும் மூத்தவர். பிள்ளை இல்லை, புருஷன் காலமாகிக் கனகாலம். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ரோசக்காரி. வகுப்பில் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்கமாட்டார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

அந்த வீடு மேட்டுக் காணியில் இருந்தது. உயர்ந்த அத்திவாரம், பச்சைச் சீமெந்து பூசிய தரை, முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மா. பின்பக்கம் நன்னீர்க் கிணறு. இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு சின்னப் படலை. அந்தப் படலையால் ஒன்பது வருடமாக ஒரு பக்கம் சாப்பாடு போனது, மறுபக்கம் தண்ணீர் வந்தது. பெரியம்மாவுக்குக் காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, பின்னேரம் கஞ்சி எல்லாம் உதயகலாவின் அடுப்பில்தான். கடைசி இரண்டு வருடமும் குளிக்க வார்த்தவளும் அவள்தான். குணம் வருடத்துக்கு மூன்று தரம் கொடிகாமத்திலிருந்து ஒரு குலை இளநீரோடு வருவாள். வந்து கதைத்துச் சிரித்துவிட்டுப் போவாள். அவள் வந்துபோன பிறகு பெரியம்மா இரண்டு நாளைக்கு நல்ல குணமாக இருப்பார். அந்த இரண்டு நாளும் உதயகலாவின் கஞ்சியில் உப்புக் கூடும்.

போன மாசியில் பெரியம்மா எண்பத்து நாலாவது வயதில் கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் நெல்லியடியிலிருந்து, உறுதி எழுதுகிற நொத்தாரிசு கதிரவேலர் வந்தார். தனக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று பெரியம்மா ஒரு மரணசாதனம் எழுதி வைத்திருக்கிறார் என்றார். உதயகலா அப்போது எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். வீட்டைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தர்சிகாவின் கட்டிலை எந்த அறையில் போடுவது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

வீடும் வளவும் கிணறும் குணலட்சுமிக்கு என்று கதிரவேலர் வாசித்தார்.

"எனக்கோ? ஏன் எனக்கு?" என்றாள் குணம், வாயைப் பிளந்துகொண்டு.

அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியால் வயிற்றில் இடித்துக்கொண்டவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவளுக்கு எப்படி நொந்திருக்கும் என்று உதயகலா அந்த நிமிஷத்தில் அறிந்துகொண்டாள். வீடு போனதை அவள் ஒரு மாதிரித் தாங்கியிருப்பாள். ஆசைப்படாதவளுக்குப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் தேத்தண்ணி பரிமாறி முடித்தாள். குணத்தின் கோப்பைக்கு மட்டும் சீனி போடவில்லை. அன்றைக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதைக் குடித்து முடித்துவிட்டுக் குணம் அவளைத்தான் கேட்டாள்.

"கலா, உந்த வீட்டை வைச்சுக்கொண்டு நான் என்னடி செய்ய? மரணசாதனத்துக்குக் கோட்டு அலுவல் ஒரு பக்கம். சோலைவரி கட்டவேணும், கரண்ட் பில்லைப் பேர் மாத்தவேணும், ஆள் இல்லாமல் கிடந்தால் கறையான் ஏறிப்போம். என்ரை பெடியளும் இனி வரப்போறதில்லை. நீ பக்கத்திலை இருக்கிறனி, நீயே ஒரு வழி சொல்லு."

"யோசிச்சுச் சொல்லுறன் குணமக்கா," என்றாள் உதயகலா.

குணம் வீட்டுத் திறப்பை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். பின்னேரத்தில் விளக்கு வைக்க வேண்டுமே. ஆக, அடுத்தவளுடைய வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு வைத்துக்கொண்டு, இந்த வீட்டை என்ன செய்யலாம் என்று உதயகலா யோசித்தாள். அவளுடைய யோசனைக்கு ஒரு விதிதான் இருந்தது. குணத்துக்கு எது நல்லதோ அது நடக்கக்கூடாது. வீடு இடிந்து போகவும் கூடாது, அதில் அவளுடைய தண்ணீர் இருந்தது. சும்மா கிடக்கவேண்டும். தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கற்பட்டடை நாயை எல்லோரும் திட்டுகிறார்கள். அதற்கும் ஒரு மனவருத்தம் இருந்திருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

சித்திரையில் வாடகைக்கு ஒரு சோடி வந்தது. இருவரும் படிப்பிக்கிறவர்கள், மாற்றலாகி வந்தவர்கள், அமைதியான ஆட்கள். குணம் கொடிகாமத்திலிருந்து போன் எடுத்து, வீட்டைக் காட்டச் சொன்னாள். உதயகலா எல்லா அறையும் திறந்து காட்டினாள். மனைவிக்காரி கிணற்றடியைப் பார்த்து முகம் மலர்ந்ததும் அருகில் போய்க் குரலைத் தணித்தாள்.

"தண்ணி இப்ப பரவாயில்லை பிள்ளை. ஆவணி புரட்டாதி வந்தால் உவர் ஏறிப்போம். குடிக்கவும் ஏலாது, தலையிலை வார்க்கவும் ஏலாது. நாங்கள் பழகினாக்கள், சமாளிக்கிறம்."

சொல்லிவிட்டு, வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று அதே கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். தேத்தண்ணி நல்ல ருசி என்றார் கணவன்காரர். இரண்டு நாளில் அவர்கள் வேறு இடத்தில் வீடு எடுத்துவிட்டார்கள்.

வைகாசியில் தரகர் மார்க்கண்டு வந்தார். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வயதான காலத்தில் ஊரோடு வந்து இருக்க வீடு தேடுகிறது, சொன்ன விலைக்கு வாங்கும் என்றார். இது பெரிய கண்டம். வாடகைக்காரர் ஒரு நாள் எழும்பிப் போவார்கள். வாங்கினவன் மதில் கட்டுவான், படலையை அடைப்பான். உதயகலா பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

பெரியம்மா உயிர் விட்டது பின்னேரம் நாலு மணி போல. வாக்கிய பஞ்சாங்கத்தின்படி அது சாதாரண நேரம், ஒரு தோஷமும் இல்லை. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வாக்கியம்தான். பிறப்பு, கலியாணம், திவசம் எல்லாம் அதில்தான் பார்த்தார்கள். ஆனால் திருக்கணிதத்தைப் புரட்டினால் நட்சத்திரம் இரண்டு நாழிகை முந்தி மாறுகிறது. அதன்படி பெரியம்மா போனது தனிட்டா பஞ்சமியில். பஞ்சமியில் ஆள் செத்த வீட்டை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே இன்னும் உயிர்கள் போகும் என்பது ஊர் நம்பிக்கை. உதயகலா அன்றைக்கே திருக்கணிதத்துக்கு மதம் மாறினாள்.

"எனக்கு என்ன, நான் சொல்ல வரேல்லை," என்றாள் மார்க்கண்டரிடம். "வயது போனதுகள் ஆசைப்பட்டு வருகுதுகள். பேந்து ஏதும் நடந்தால் உங்கடை பேருக்குத்தானே பழி. ஒருக்கால் பஞ்சாங்கத்தைப் பாருங்கோ."

மார்க்கண்டர் பார்த்தார். பார்த்த கையோடு ஊர் முழுக்கச் சொன்னார். கனடாக்காரர் நவக்கிரியில் வேறு வீடு வாங்கினார்கள். ஒழுங்கையால் போகிற பிள்ளைகள் அந்தப் படலைக்கு நேரே வந்ததும் ஓட ஆரம்பித்தார்கள். இதில் உதயகலா எதிர்பாராத ஒரு இடைஞ்சல் வந்து சேர்ந்தது. பின்னேரம் தனியாகப் போய் விளக்கு வைக்க அவளுக்கே பயம் பிடித்துவிட்டது. தான் கட்டின கதைக்குத் தானே நடுங்கிக்கொண்டு, விளக்கைக் கொளுத்தின கையோடு முதுகைத் திருப்பாமல் பின்பக்கமாக நடந்து வெளியே வருவாள்.

கதை கொடிகாமத்துக்கும் போனது. ஆனியில் ஒரு நாள் குணம் ஒரு பெட்டியும் ஒரு குலை இளநீருமாக வந்து இறங்கினாள்.

"பஞ்சமியாம்! எங்கடை பெரியம்மாவோ பேயாய் வந்து நிக்கப்போறா? வந்தாலும் கணக்குத்தான் கேப்பா," என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சிரித்தாள். "நான் ரெண்டு கிழமை உதுக்கை இருந்து காட்டுறன். பேந்து வாறவை வரட்டும்."

இருந்தும் காட்டினாள். யன்னல்களைத் திறந்தாள், தரையைக் கழுவினாள், மாமரத்தில் ஏறப் பெடியளைப் பிடித்தாள். ஊர்ச் சனம் மாங்காய்க்கும் கதைக்குமாக வந்து விறாந்தை நிறைய இருந்தது. ஒன்பது வருடம் உதயகலா போய்வந்த வீட்டில் ஒரு நாளும் இத்தனை சிரிப்புக் கேட்டதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அதைக் கேட்டாள்.  இவளுக்கு ஒரு பேய்கூட மரியாதை செய்கிறதே என்று நினைத்தாள்.

பத்தாம் நாள் காலமை குணம் சின்னப் படலையால் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் ஒரு மண்ணிறக் கடித உறை. உதயகலா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"கலா, உதை ஒருக்கால் பார். பெரியம்மாவின்ரை சீலை அலுமாரிக்குள்ளை, அடித்தட்டுக் கடுதாசிக்குக் கீழை கிடந்தது."

உதயகலா கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். உள்ளே உறுதிக் கடுதாசி. நன்கொடை உறுதி என்று தலைப்பு. என்னைப் பராமரித்து வருவதாலும், அவள்மீது எனக்குள்ள அன்பினாலும், எனது வீட்டையும் வளவையும் கிணற்றையும் எனது தங்கை மகள் உதயகலா இராசநாயகத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கிறேன், என் சீவிய காலம் வரை அதில் இருக்கும் உரிமை எனக்குண்டு. கீழே திகதி, 2017 ஆவணி 24. பெரியம்மா கையெழுத்து வைக்க ஒரு கோடு. சாட்சிக்குக் கோடுகள், ஒன்றின் கீழ் குணலட்சுமியின் பெயர். கடைசியாக, மேற்படி நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி, அதன் கீழ் உதயகலாவுக்கு ஒரு கோடு. ஒரு கோட்டிலும் ஒரு கையெழுத்தும் இல்லை.

"அண்டைக்கு என்னை நெல்லியடிக்கு வரச்சொன்னது சாட்சிக்குத்தானோ!" என்றாள் குணம். "ஒரு மணி மட்டும் நொத்தாரிசின்ரை விறாந்தையிலை குந்திக்கொண்டு இருந்தனான். பெரியம்மா குடையைப் பிடிச்சுக்கொண்டு தெருவையே பாத்தா. பேந்து, 'அலுவல் சரிவரேல்லை, நீ வீட்டை போ' எண்டு மட்டும் சொன்னா. எனக்கு என்ன ஏதெண்டு தெரியாது. நீ ஏனடி அண்டைக்கு வரேல்லை?"

ஏன் வரவில்லை என்பது உதயகலாவுக்கு நல்ல ஞாபகம். முதல் நாள் பின்னேரம் கஞ்சி குடிக்கும்போது பெரியம்மா சொன்னார், "நாளைக்குப் பத்து மணிக்கு நொத்தாரிசிட்டை வா, ஒரு கையெழுத்து இருக்கு. குணமும் வாறாள்." அந்தக் கடைசி இரண்டு சொல்லைத் தவிர வேறொன்றும் உதயகலாவின் காதில் ஏறவில்லை. குணம் வாறாளோ? அப்போ வீடு குணத்துக்கு. சாட்சிக் கையெழுத்து எனக்கு. கஞ்சி காய்ச்சினவளைக் கூப்பிட்டு, இளநீர் கொண்டு வந்தவளுக்கு வீடு எழுதுகிறதற்குச் சாட்சி வைக்கப் பார்க்கிறார்கள். விடிய எழும்பி, "எனக்குத் தலையிடி. ஆற்றையோ வீட்டு அலுவலுக்கு நான் ஏன் வெயிலுக்கை அலைவான்?" என்றாள். பெரியம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ்சுக்கு நடந்தார். உதயகலா தோட்டத்துக்குப் போய் இருட்டும் வரை வெங்காயம் கிண்டினாள். அன்றைக்கு எழுத்து நடக்கவில்லை என்று பிறகு அறிந்தபோது, தன் கோபத்துக்குப் பயந்து பெரியம்மா மனம் மாறிவிட்டார், வீடு இனித் தனக்குத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

கேள்வியை இரண்டாம் தரம் கேட்காத மனிசி. ஐப்பசியில் மரணசாதனத்தை எழுதிவிட்டார். அதற்குப் பிறகு ஆறு வருடம் அதே கஞ்சியைக் குடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

 உதயகலாவுக்கு முதலில் பெரியம்மா மேல் ஆத்திரம் வந்தது. வீடு உனக்கடி என்று ஒரு சொல் சொன்னால் வாயா தேய்ந்துவிடும்? பிறகு அந்த ஆத்திரமும் நிற்க இடமில்லாமல் அவள் மேலேயே திரும்பியது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று மற்றவர்கள் அழுவார்கள். அவள் தன் கையாலேயே தட்டிவிட்டிருக்கிறாள். இத்தனை காலமும் எரிந்தது இல்லாத ஒன்றுக்காக. அந்த வீடு அவளுக்கென்று எழுதப்பட்டுத்தான் இருந்தது.

"தலையிடி," என்றாள் குணத்திடம். வேறு என்ன சொல்ல?

குணம் குசினிக் குந்தில் இருந்தாள். முருங்கையிலையை எடுத்துத் தானும் உருவினாள்.

"எனக்கு உந்த வீடு வேண்டாமடி," என்றாள். "எனக்கு எண்டு ஆசைப்பட்டு எழுதியிருந்தால் வேறை கதை. உன்னோடை கோவிச்சுக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறா. அவவின்ரை கோவத்தை நான் ஏன் வைச்சுக் காவல் காக்க? கோட்டு அலுவல் முடியட்டும், உனக்கே எழுதித் தாறன். தர்சிகாவுக்கும் ஒரு வழி பிறக்கும். ஒண்டு மட்டும், கறுத்தக்கொழும்பான் காய்க்கேக்கை பாதி எனக்குத் தந்துபோடவேணும். அதிலை மட்டும் நான் விட்டுத்தரன்."

ஒருத்தி வீட்டைத் தூக்கி மடியில் வைக்கிறாள். அதற்கு உதயகலா சொன்ன பதில், "யோசிச்சுச் சொல்லுறன்" என்பது.

யோசிக்க நாலு மாதம் கிடைத்தது. அந்த நாலு மாதமும் அவளை ஊரார் ஒரு வழி பண்ணிவிட்டார்கள். குணம் ஒளித்து மறைக்கத் தெரியாதவள். மார்க்கண்டரிடம், "வேறை ஆளைக் கூட்டி வராதேங்கோ, வீட்டைத் தங்கச்சிக்குக் குடுக்கப்போறன்" என்றாள். அது போதாதா. "உப்பிடி ஒரு மனிசி இந்தக் காலத்திலை ஆர் இருக்கினம்!" என்றார் மார்க்கண்டர் சந்தையில். கோயில் வீதியில், கடையில், கிளினிக் வாங்கில், எங்கே போனாலும் குணம் புராணம். கர்ணன் கொடுத்ததைக்கூட ஊர் இப்படிப் பேசியிருக்காது. "குடுத்து வைச்சனி கலா, உப்பிடி ஒரு அக்கா கிடைக்க" என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். ஒன்பது வருடக் கஞ்சியை ஒருத்தியும் ஞாபகப்படுத்தவில்லை. இடியப்பம் பிழிந்த கைக்கு ஒரு பேரும் இல்லை. ஒரு நாள் சும்மா நீட்டின கைக்கு ஊர் முழுக்கப் பேர்.

ஐப்பசியில் கோட்டு அலுவல் முடிந்தது. புதன்கிழமை பத்து மணிக்கு நெல்லியடிக்கு வரச்சொல்லி நொத்தாரிசு சொல்லிவிட்டார். செவ்வாய் மத்தியானம், சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே உதயகலா புருஷனிடம் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நான் போகேல்லை. எனக்கு ஒருத்தியின்ரை தர்மம் தேவையில்லை."

இராசநாயகம் வாயில் போன சோற்றை விழுங்கினார். பிறகு கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு, கலியாணம் கட்டின நாளிலிருந்து பேசின பேச்சுகளுக்குள் நீளமானதைப் பேசினார்.

"கலா, ஒருக்கால் போகாமல் விட்டாய். அண்டைக்கு உனக்குத் தெரியாது, அதாலை உன்னைக் குற்றம் சொல்ல ஏலாது. இப்ப தெரியும். தெரிஞ்சுகொண்டும் போகாமல் விட்டால், நாளைக்குப் பிள்ளை கேக்கேக்கை நீதான் பதில் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

அவள் போனாள். பிள்ளைக்காகப் போகிறேன் என்று தனக்குத்தானே பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். மழை தூறியது. குணம் முதலே வந்து, கதிரவேலரின் விறாந்தையில் அவருடைய கிளாக்கரோடு தேங்காய் விலை கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கதிரவேலர் உறுதியை முழுக்க வாசித்தார். குணம் கேட்டாளோ இல்லையோ, காட்டின இடத்தில் சட்டென்று வைத்தாள். சாட்சிகள் வைத்தார்கள். பிறகு கதிரவேலர் பேனையை உதயகலா பக்கம் திருப்பினார்.

"இஞ்சை, ஏற்றுக்கொள்ளுறன் எண்டு வையுங்கோ பிள்ளை. வாங்கிறவை வைக்காட்டில், குடுக்கிறவை எத்தினை தரம் வைச்சும் நன்கொடை நிக்காது. அதுதான் சட்டம்." மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஏழு வருசம் பிந்தினாலும் வந்தியள். அது காணும்."

நன்றியுடன் என்ற சொல்லின் கீழே அவள் கையெழுத்து வைத்தாள். கை நோவெடுத்தது. ஒன்பது வருடம் கிணற்றில் தண்ணீர் அள்ளினபோது அப்படி நோகவில்லை.

வெளியே வந்ததும் குணம் குடையை விரித்தாள். "சரியடி, நான் வெளிக்கிடுறன். கோழிக்குத் தீன் போட ஆள் இல்லை. மாங்காய் மறந்துபோகாதை," என்றாள். பஸ் வந்தது. ஏறினவள் கொண்டக்டர் பெடியனிடம் என்னவோ சொல்ல அவன் சிரித்தான். ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவளாகவே தெரியவில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போகிறவள் மாதிரி, பின் சீற்றில் இருந்து கையைக் காட்டினாள். உதயகலாவும் காட்டினாள்.

பின்னேரம் உதயகலா தன்னுடைய வீட்டைத் திறந்தாள். முன் கதவு, நடு அறை, இரண்டு பக்க அறை, குசினி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். குறை கண்டுபிடிக்கப் பழகின கண், ஒரு குறையும் அகப்படவில்லை. தரை குளிர்ந்து கிடந்தது. மழை நல்லாய்ப் பிடித்தும் முற்றத்தில் தண்ணீர் நிற்கவில்லை. தர்சிகா நெல்லியடியிலிருந்து வேலை முடிந்து வந்து, அறைக்கு அறை ஓடிப் பார்த்துவிட்டு, தாயைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சிவிட்டு, "பெரியம்மாவுக்கு ஒருக்கால் போன் எடுக்கவேணும் அம்மா" என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவளுக்குப் பெரியம்மா என்றால் குணம். போனில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இராசநாயகம் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். நிலையைப் பார்த்தார், வளையைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இனி உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை."

"பேந்தேன் மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்கிறாய்? அவள் கடுதாசியைக் காட்டாமல் விட்டிருந்தால் ஆருக்குத் தெரியும்? உன்ரை கையிலை கொண்டுவந்து தந்திட்டாளெல்லே."

உதயகலா வாசல் பக்கம் பார்த்தாள். வெளியில் தர்சிகாவின் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

"அதுதான்," என்றாள். "அந்தக் கடுதாசி அவளின்ரை பேரிலை இருந்து, என்ரை கையிலை அகப்பட்டிருந்தால், நான் என்ன செய்திருப்பன்? சொல்லுங்கோ பாப்பம்."

இராசநாயகத்துக்குப் பொய் சொல்ல வராது. அவர் முற்றத்தைப் பார்த்தார்.

"அடுப்புக்கை வைச்சிருப்பன்," என்றாள் உதயகலா. "ரெண்டாம் தரம் வாசிச்சும் பாத்திருக்க மாட்டன். அவளுக்கு அது நினைவிலையே வரேல்லை. உந்த வீட்டை அவளே வைச்சிருந்தாலும் எனக்கு இவ்வளவு எரிஞ்சிராது."